தோட்டத்துப் பிள்ளை டிவி நிருபர் ஆவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தானைச் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான். டிவி நிருபராக என்ன படிக்க வேண்டும், என்ன கேமரா வாங்க வேண்டும். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் நிருபர் வேலை முடிந்ததும் காடியில் ஏறிப் போய்விடுவார். நீங்கள் போக முடியாது. இன்றைக்கு யார் வாசலில் மைக்கை நீட்டுகிறீர்களோ அவரையே நாளைக் காலை மார்க்கெட்டில் பார்ப்பீர்கள், வெள்ளிக்கிழமை கோயிலில் பார்ப்பீர்கள், அவர் மகள் கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். வட்டார நிருபரின் பலம் அதுதான், அவரைக் கட்டிப்போடுவதும் அதுதான். இந்த வேலையில் நான் செய்யச் சொல்வது, செய்யாதீர்கள் என்று சொல்வது எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

சரி, படிப்பு. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் விட்டுவிடாமல் எடுங்கள். அதற்குப் பிறகு தொடர்புத்துறை அல்லது இதழியல். நம் வட்டாரத்துக்கு அருகில் கம்பாரில் யூடார் பல்கலைக்கழகத்தில் இதழியல் இருக்கிறது, பினாங்கில் யூஎஸ்எம்மில் தொடர்புத்துறை இருக்கிறது. முழுநேர வேலைக்கு டிப்ளோமாவோ பட்டமோ கேட்பார்கள். பகுதிநேர நிருபராக, அதாவது ஒரு செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் ஸ்ட்ரிங்கராக நுழைய, பெரும்பாலும் நீங்கள் அனுப்பும் காட்சியும் எழுத்தும்தான் பேசும்.

சான்றிதழைவிட அதிகமாகத் தேவைப்படுவது மலாய். மாவட்ட போலீஸ் தலைவர் செய்தியாளர் சந்திப்பில் மலாயில்தான் பேசுவார், தீயணைப்பு மீட்புப் படையின் அறிக்கை மலாயில்தான் வரும், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டும் மலாயில்தான் வாசிக்கப்படும். நீங்கள் அதைக் கேட்கும்போதே குறிப்பெடுத்து, சீக்கிரமே தமிழில் எழுதி, பிழையில்லாமல் வாசித்து அனுப்ப வேண்டும். வீட்டிலேயே பழகலாம். தினமும் ஒரு மலாய்ச் செய்தியை எடுத்து, அதைப் பார்க்காமல் தமிழில் ஐந்து வாக்கியத்தில் எழுதி, சத்தமாக வாசித்து கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். தமிழில் ஒரு நிமிடத்துக்கு நூறு சொல்லை ஒட்டி வாசித்தால் கேட்பவருக்குப் புரியும், அதற்கு மேல் போனால் உங்களுக்கும் மூச்சு வாங்கும். ழ, ள, ல மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா, ரகர றகரம் சரியா என்று பாருங்கள். தோட்டத்தில் பேசும் பேச்சை நினைத்து யாரும் கூச்சப்பட வேண்டாம். லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒரு பாட்டியிடம் பேட்டி எடுக்கும்போது அந்தப் பேச்சுதான் கதவைத் திறக்கும். செய்தி வாசிக்கும்போது மட்டும் உச்சரிப்பு ஒழுங்காக இருக்கட்டும்.

ஆங்கிலமும் வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் கடிதங்களும் நிறுவன அறிக்கைகளும் பல சமயம் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

அடுத்து, ஊரைப் படிப்பது. கேமரா வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. நான் சொல்வது வரலாற்றுப் புத்தகம் அல்ல, உங்கள் வட்டாரத்தில் யார் யாருக்கு எது சொந்தம், யார் எங்கே வேலை செய்கிறார்கள், எது எப்போது மாறியது என்பதுதான். ஜெண்டராத்தா தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1906-ல் வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ்காரர் தொடங்கியது, இன்றைக்கு யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனமாக நிற்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் பால்மரத்தை (ரப்பர்) எடுத்துவிட்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்தார்கள். பால் வெட்டிய குடும்பங்கள் பட்டணத்துக்கும் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) போய்விட்டன, குலை அறுக்கும் வேலையில் இன்றைக்கு நிறைய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இது தெரியாமல் தோட்டத்துச் செய்தி எடுக்கப் போனால், பால்மர வாளியோடு ஒரு கிழவரைத் தேடிப் பிடித்துப் படமெடுத்து "தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை" என்று அனுப்புவீர்கள். அது முப்பது வருடத்துக்கு முந்தைய செய்தி.

எண்களையும் தெரிந்து வைத்திருங்கள். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2022 மே 1 முதல் 1,500 வெள்ளி (ரிங்கிட்), 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஒரு தொழிலாளர் தன் சம்பளச் சீட்டைக் காட்டும்போது அதைப் பார்த்ததும் எங்கே இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990-ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது, 446-ஆம் சட்டம் என்பார்கள். லயத்தில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்று யாராவது கூப்பிட்டால், அந்தச் சட்டத்தில் வீட்டையும் தண்ணீரையும் பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். நிர்வாகியிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

ஆட்களைத் தெரிந்துகொள்வதற்கு குறுக்கு வழி கிடையாது. கோயில் தலைவர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர், ஆபீஸ் கிராணி (எழுத்தர்), மண்டோர் (கங்காணி), தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் இருப்பவர், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அக்கா, இழுவை லாரி வைத்திருக்கும் அண்ணன். செய்தி இல்லாத நாளில் இவர்களைப் போய்ப் பாருங்கள், கோப்பிக் கடையில் உட்காருங்கள், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் நில்லுங்கள். செய்தி வேண்டும்போது மட்டும் கூப்பிடும் நிருபரை எல்லோரும் சீக்கிரமே அடையாளம் கண்டுவிடுவார்கள். கூப்பிடும் முறையும் முக்கியம். வயதானவரை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள், உங்களைவிடக் கொஞ்சம் பெரியவர் என்றால் அண்ணே, அக்கா. கேமரா ஓடும்போது மட்டும் "திரு" போட்டுவிட்டு மற்ற நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது அவர்களுக்கு உறுத்தும்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். தொடக்கத்தில் நல்ல கைப்பேசி போதும். அதோடு ஒரு முக்காலி, காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு போட்ட, சட்டையில் குத்தும் ஒரு மைக், பவர் பேங்க், மழைச் சட்டை. இருக்கிற காசில் முதலில் மைக்கை வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஒளிபரப்புவார்கள், பேச்சு கேட்காத பேட்டியை யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஒவ்வொரு காட்சியையும் பத்து வினாடியாவது அசையாமல் பிடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தூரத்துக் காட்சி, நடுத்தரம், நெருக்கம் மூன்றும் வேண்டும். கையைக் காட்டும் நெருக்கக் காட்சிகளை நிறைய எடுங்கள், எடிட் செய்பவர் உங்களை வாழ்த்துவார்.

செம்பனைக் காட்டுக்குள் படமெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே இருட்டு, இலை இடைவெளியில் வானம் வெளேர் என்று இருக்கும். கேமரா அந்த வானத்தைப் பார்த்துத் தன் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும், நம் ஆட்கள் முகம் கறுப்பு நிழலாகப் போய்விடும். ஆளை வானத்துக்கு முன்னால் நிறுத்தாதீர்கள், முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை நிலைநிறுத்திவிட்டு எடுங்கள். நம் மக்களின் முகம் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, நீங்களும் பிடிவாதமாக இருங்கள். நேரமும் பார்க்க வேண்டும். பெரட்டு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது, விடியற்காலையில் நடக்கும். இன்னும் பால் வெட்டுகிற இடங்களில் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும், மழை பெய்தால் வெட்டே இருக்காது. மதியம் மூன்று மணிக்குப் போய் "வேலை செய்கிற மாதிரி நில்லுங்கள்" என்று யாரையும் நிற்க வைக்காதீர்கள். அது பொய்க் காட்சி.

தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்காதீர்கள். கேட்டில் பாதுகாவலர் நிறுத்தினால் சண்டை போட வேண்டாம், நிர்வாகியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் பொதுச் சாலையில் நின்று எடுங்கள். உள்ளே வேலை செய்கிறவர் உங்களிடம் பேசினால் அவருக்கு என்ன ஆகும் என்று அவரைவிட நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருக்கிறவர் அவர். முகத்தை மறைக்கவா, குரலை மாற்றவா என்று நீங்களாகவே கேளுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். குரலை மாற்றினாலும் சட்டையும் வாசலில் நிற்கும் மோட்டாரின் எண் பட்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு செய்தியை எப்படிக் கட்டுவது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு லயத்தில் சில நாளாகத் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றேகால் நிமிடம், போனால் ஒன்றரை. முதல் காட்சி திறந்த குழாய், எதுவும் வரவில்லை, அதன் சத்தம் மட்டும் இரண்டு வினாடி. உங்கள் குரல் அதற்குப் பிறகு வரட்டும். எந்தத் தோட்டம், எத்தனை குடும்பம், எந்தத் தேதியிலிருந்து. எண்ணிக்கையை நீங்களே வீடு வீடாகப் போய் எண்ணுங்கள், யாரோ சொன்னதை வைத்துச் சொல்லாதீர்கள். அப்புறம் ஒரு அம்மா பேசுகிறார், பத்துப் பன்னிரண்டு வினாடி. அவரிடம் "கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேட்டால் "ஆமா" என்பார், அதோடு முடிந்தது. "காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு எப்படிம்மா கிளப்பினீங்க?" என்று கேளுங்கள். எங்கிருந்து தண்ணீர் தூக்கி வந்தார், எதைக் கழுவாமல் விட்டார் என்று அவரே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நிர்வாகத்தின் பதில். நிர்வாகி கேமரா முன்னால் பேச மறுத்தால், எப்போது எப்படிக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று நேராகச் சொல்லுங்கள். கடைசியில் நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் பகுதி. அதில் உங்கள் கோபத்தைக் கொட்ட வேண்டாம். குழாயை எப்போது சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்ற தேதியைச் சொல்லி முடியுங்கள். அந்தத் தேதி வந்ததும் திரும்பிப் போங்கள். பெரிய நிலையங்கள் செய்யாததை நீங்கள் செய்யக்கூடிய இடம் இதுதான், உங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளிச் செய்தியையும் கொஞ்சம் வேறு மாதிரி தேட வேண்டியிருக்கிறது. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு முடிவு வரும் நாளில் அழுகிற, சிரிக்கிற பிள்ளைகளை எடுத்தால் ஒரு செய்தி தயாராகிவிடும் என்றிருந்தது. 2021-ல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது போய்ப் பாருங்கள்: இந்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், தோட்டம் காலியானபின் பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்றும் பேச்சு எங்கே நிற்கிறது, பள்ளி நிற்கும் நிலம் யாருடையது. இவைதான் இன்றைய செய்திகள்.

அடுத்தது விபத்தும் மரணமும். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் நிருபரின் பெயர் கெடுவதும் நிற்பதும் இங்கேதான்.

2025 மே 13 காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பாதுகாப்புக்கு வந்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எஃப்ஆர்யூ (கலகத் தடுப்புப் படை) போலீசாரின் லாரியும் கல் ஏற்றிய லாரியும் சிக்குஸ், சுங்கை லம்பாம் சாலையில் மோதிக்கொண்டன. ஒன்பது போலீசார் இறந்தார்கள். நம் கோயில் திருவிழாவில் நமக்காக நின்றவர்கள். அன்று காலை முதலில் வந்த எண்ணிக்கை எட்டு, பிறகு ஒன்பதானது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது: விபத்துச் செய்தியில் எண்ணைச் சொல்லும்போது, யார் சொன்னார்கள், எத்தனை மணி நிலவரம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். "காலை பத்து மணி நிலவரப்படி, போலீஸ் தகவலின்படி" என்று சொன்னால், எண் மாறினாலும் நீங்கள் சொன்னது பொய்யாகாது. வாட்சாப்பில் வரும் எண்ணையும் படத்தையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். விபத்து நடந்த அரை மணி நேரத்துக்குள் வேறு ஊர், வேறு வருட வீடியோ ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். படத்தில் சாலைப் பலகை, வாகன எண், மழையா வெயிலா என்று பாருங்கள், நீங்கள் நிற்கும் இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குத் தெரிவதற்கு முன்னால் சொல்லவே கூடாது. சின்ன ஊரில் ஒரு வாகன எண் பட்டையைக் காட்டினாலே வீட்டில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதையும் காட்டாதீர்கள். ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில் குடும்பம் காத்திருக்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் வெறும் கையோடு போங்கள். அங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ காரியங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரிடம் நீங்கள் யார் என்று சொல்லி, குடும்பத்தில் யாராவது பேச விரும்புகிறார்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு தள்ளி நில்லுங்கள். பேச வந்தால், மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பிள்ளை செத்த வீட்டில் அதைக் கேட்பது பாவம். "தம்பி எப்படிப்பட்ட பிள்ளைம்மா?" என்று கேளுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். உறவினர் கதறி அழும் காட்சியை நெருக்கத்தில் எடுத்தால் பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடும் என்று யாராவது சொன்னால், அதை எடுத்துவிட்டு அந்தத் தெருவில் மறுபடி நடக்கப்போவது நீங்கள்தான், அவர் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தற்கொலைச் செய்தியில் எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம், கடிதத்தில் இருந்தது, காரணம் இதுதான் என்ற ஊகம் எதுவும் வேண்டாம். உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்த்து அனுப்புங்கள்.

சட்டத்தில் குறைந்தது இவை தெரிந்திருக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளை பாதிக்கப்பட்டவராக இருந்தாலும் சாட்சியாக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், அடையாளம் தெரியும்படி பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் ஊரில் "இன்ன தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவி" என்றாலே யார் என்று தெரிந்துவிடும், ஆகவே தோட்டத்தின் பெயரையும் சொல்லாதீர்கள். கைதானவரை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை கொலைகாரன், திருடன் என்று எழுதக் கூடாது. 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம், 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு ஆகியவற்றைப் படித்து வையுங்கள். கடைசியாகச் சொன்னது, உங்கள் சொந்த முகநூலில் நீங்கள் போடும் வீடியோவுக்கும் பொருந்தும். 2024 பிப்ரவரியில் தகவல் இலாகா புதுப்பித்து வெளியிட்ட மலேசியப் பத்திரிகையாளர் நெறிமுறைக் கோவையையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள், நீளமானதில்லை.

அரசியல்வாதிகள் பற்றி. அவர்கள் நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவார்கள், போக வேண்டும், அவர்கள் சொல்வதும் செய்திதான். நிகழ்ச்சி முடிந்து யாராவது பெட்ரோல் காசு என்று உறையை நீட்டினால் வாங்காதீர்கள். சங்கடமாகத்தான் இருக்கும், நீட்டுகிறவர் உங்களுக்கு அண்ணன் முறை ஆகக்கூட இருக்கலாம். "ஆபீஸ்ல கொடுத்துருவாங்கண்ணே" என்று சொல்லிக் கையைக் கூப்பிவிட்டு நகருங்கள். ஒருமுறை வாங்கினால் அடுத்த மாதம் அவர் பகுதியில் சாலை உடைந்து கிடப்பதை நீங்கள் எடுக்க மாட்டீர்கள்.

தேர்தல் சமயம் உங்கள் மதிப்பு உயரும் சமயம். 2014 மே 31 தெலுக் இந்தான் இடைத்தேர்தலில் தேசிய முன்னணி வேட்பாளர் மா சியூ கியோங் வெறும் 238 வாக்குகளில் ஜெயித்தார். அந்த மாதிரி நேரத்தில் தலைநகரிலிருந்து வண்டி வண்டியாக நிருபர்கள் வருவார்கள், அவர்களுக்கு வழி காட்டவும் ஆள் பிடித்துக் கொடுக்கவும் உங்களைத் தேடுவார்கள். உதவுங்கள், ஆனால் முக்காலி தூக்குவதோடு நிற்காதீர்கள். எந்தத் தாமானில் எந்தப் பிரச்சினை ஓட்டை மாற்றும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதை நீங்களே ஒரு செய்தியாக எழுதிக் கொடுங்கள், உங்கள் பெயரோடு போகட்டும்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஸ்ட்ரிங்கர் வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். செய்தி ஒளிபரப்பானால்தான் காசு, அதுவும் தாமதமாக வரலாம். டியூஷன், கல்யாண வீடியோ என்று பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நிறைய பேர் இதில் நிற்கிறார்கள். அனுப்பிய தேதி, ஒளிபரப்பான தேதி, வர வேண்டிய தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்யாண வீடியோ எடுக்கிற வீட்டாரைப் பற்றியே செய்தி வந்தால் ஆசிரியரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பில் அலட்சியம் வேண்டாம். 2011 செப்டம்பரில் பெர்னாமா டிவியின் ஒளிப்பதிவாளர் நோராம்ஃபைசுல் முகமட் நோர், சோமாலியாவில் மனிதநேய உதவிப் பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். நம் ஆபத்து வேறு மாதிரி: இரவில் லாரி ஓடும் சாலை, வெள்ளத்தில் தெரியாத வாய்க்கால், ஆத்திரத்தில் இருக்கும் கூட்டம். சாலையோரம் படமெடுத்தால் ஒளிரும் சட்டை போடுங்கள், மோட்டாரை ஓட்டிக்கொண்டே நேரலை போகாதீர்கள், வெள்ளத்தில் எவ்வளவு ஆழம் என்று காட்ட நீங்களே இறங்காதீர்கள். கிளம்பும்போது வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறேன் என்று சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை, லயத்து வீட்டு அடுப்படி வரைக்கும் போய்ப் பேச அவர்களால்தான் முடிகிறது. இரவு வேலைக்குத் துணை கேட்பது அவர்கள் உரிமை, கேளுங்கள்.

முன்பெல்லாம் இந்த வேலையைத் தொடங்க நாளிதழ்தான் வாசல். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுபோனது, அதற்கு ஊர் ஊராகச் செய்தி எழுதி அனுப்பியே எழுதப் பழகிய ஒரு தலைமுறை இருந்தது. இன்றும் மக்கள் ஓசை, மலேசிய நண்பன், தமிழ் மலர் போன்ற நாளிதழ்களுக்கு உங்கள் வட்டாரச் செய்தியை எழுதி அனுப்பிப் பழகலாம். டிவி பக்கம் ஆர்டிஎம், பெர்னாமா டிவி என்று தமிழ்ச் செய்திப் பிரிவுகள் இருக்கின்றன. அவர்களுக்கு எழுதும்போது "எனக்கு ஊடகத்தில் ஆர்வம் அதிகம்" என்று தொடங்காதீர்கள். நீங்களே எடுத்து, எழுதி, குரல் கொடுத்த இரண்டு மூன்று செய்திகளை அனுப்புங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள். ஒன்று ஒரு ஆளைப் பற்றியது, ஒன்று ஒரு பிரச்சினையைப் பற்றியது, இரண்டு தரப்பும் பேச வேண்டும். எந்தெந்த ஊர்களை உங்களால் அரை மணி நேரத்தில் எட்ட முடியும் என்று பட்டியலிடுங்கள்: ஊத்தான் மெலிந்தாங், லங்காப், சிக்குஸ். ஆசிரியர் தேடுவது அதைத்தான். பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போன் செய்யுங்கள், அந்தச் சமயம் கையில் புதுச் செய்தி ஒன்று இருக்கட்டும். நிறுவனம் ஏற்றுக்கொண்டதும் அவர்களிடம் கடிதம் வாங்கி, தகவல் இலாகாவின் ஊடக அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.